தாஸ்கோ வெள்ளி: முதுகைப் பார்த்து வாங்குவது

நகைக்கடையில் முதலில் பேசுவது தராசு. எத்தனை கிராம், இன்றைய விலை என்ன, செய்கூலி எவ்வளவு, சேதாரம் எத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டுப் பழகியவருக்கு 1940களின் மெக்சிகோ வெள்ளிக் காப்பு ஒன்று குழப்பத்தைத்தான் தரும். ஒரே எடையில் இரண்டு காப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று உருக்கினால் கிடைக்கும் வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம்தான் போகும். மற்றொன்றுக்கு அதைப்போலப் பல மடங்கு கேட்பார்கள், கேட்ட விலைக்கு வாங்கவும் ஆள் இருக்கும். இந்தச் சந்தையில் செய்கூலிதான் விலை. வெள்ளி அதில் ஒரு சின்னப் பங்கு. எந்தப் பட்டறை, எந்தக் காலம், யாருடைய வடிவம் என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கே இங்கு லாபமும் நிம்மதியும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கையால் வெள்ளி நகை செய்தவர்கள் பல நாடுகளில் இருந்தார்கள். டென்மார்க்கில் ஜார்ஜ் ஜென்சன் நிறுவனத்துக்காக ஹென்னிங் கோப்பல் வடிவமைத்தார். நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில் ஆர்ட் ஸ்மித் தன் கடையிலேயே அடித்து வளைத்துச் செய்தார். புதிதாகச் சேகரிக்க இறங்குபவருக்கு மெக்சிகோவின் தாஸ்கோ தோதானது. அங்கே செய்தவை இன்றும் சந்தைக்கு நிறைய வருகின்றன. முத்திரைகளைப் பற்றித் தனி நூல்களே உண்டு. சிறிய விலையிலிருந்து பெரிய விலைவரை எல்லாப் படியிலும் நகை கிடைக்கும். போலிகளும் அதே அளவு உண்டு என்பதால் கண்ணைப் பழக்கிக்கொண்டுதான் பணத்தை எடுக்க வேண்டும்.

ஒரு மலையூரும் ஒரு கட்டடக்கலை ஆசிரியரும்

கெரெரோ மாநிலத்து மலைச்சரிவில் இருக்கும் பழைய சுரங்க ஊர் தாஸ்கோ. 18ஆம் நூற்றாண்டில் ஹோசே தெ லா போர்தா இங்கே வெள்ளி எடுத்துப் பெரும் பணக்காரரானார். 1750களில் அவர் கட்டிக்கொடுத்த சாந்தா பிரிஸ்கா தேவாலயம்தான் இன்றும் ஊருக்கு அடையாளம். தோண்டிய வெள்ளியோ வெளியூருக்குப் போயிற்று. ஊரில் சொல்லிக்கொள்ளும்படி நகைத் தொழில் வளரவில்லை.

1929இல் வில்லியம் ஸ்ப்ராட்லிங் மெக்சிகோவுக்குக் குடிவந்தார். 1900இல் பிறந்த அமெரிக்கர். நியூ ஆர்லியன்ஸில் டுலேன் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை கற்பித்தவர். அந்த ஊரில் நாவலாசிரியர் வில்லியம் ஃபாக்னருடன் ஒரே வீட்டில் தங்கியிருந்தவர். தாஸ்கோவில் வீடு வாங்கி, 1931இல் பக்கத்து ஊரான இகுவாலாவிலிருந்து பொற்கொல்லரை அழைத்துவந்து பட்டறை போட்டார். அதுவே பின்னாளில் லாஸ் டெலிசியாஸ் என்று பேர் பெற்றது. ஸ்ப்ராட்லிங் காகிதத்தில் வரைவார். கொல்லர்கள் அதை வெள்ளியாக்குவார்கள். ஸ்பானியர் வருவதற்கு முந்தைய மக்கள் களிமண் முத்திரைகளிலும் கல்லிலும் செதுக்கிய பாம்பு, ஜாகுவார், சுருள், கை ஆகிய உருவங்களைத் தடித்த வெள்ளித் தகட்டுக்குக் கொண்டுவந்தார். கூடவே அமெதிஸ்ட் கல், ரோஸ்வுட் மரம், ஆமையோடு எல்லாம் சேர்ந்தன.

இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கக் கடைகளுக்கு வரும் ஆடம்பரச் சரக்கு நின்றுபோனது. அந்த இடத்தைத் தாஸ்கோ பிடித்துக்கொண்டது. ஸ்ப்ராட்லிங்கின் பட்டறையில் சில நூறு பேர் வேலை செய்யும் நிலை வந்தது. 1945இல் பங்குகளில் பெரும்பகுதி ஓர் அமெரிக்க முதலீட்டாளர் கைக்குப் போனது. சீக்கிரமே நிறுவனம் நொடித்தது. ஸ்ப்ராட்லிங் ஊருக்கு வெளியே தாஸ்கோ எல் வியெஹோ என்ற இடத்தில் இருந்த தன் பண்ணையில் சிறிய அளவில் மறுபடி தொடங்கினார். 1967இல் கார் விபத்தில் இறக்கும்வரை அந்தப் பட்டறையை நடத்தினார்.

சேகரிப்பவருக்கு இந்த வரலாற்றில் வேண்டியது ஒரு கோடுதான். 1931 முதல் 1946 வரை ஒரு காலம், 1940களின் இறுதியிலிருந்து 1967 வரை இன்னொரு காலம். முதலாவதில் கனமான, முரட்டு அழகு. இரண்டாவதில் மெல்லிய, வழுவழுப்பான கோடுகள். இரண்டுக்கும் முத்திரை வேறு, விலை வேறு, ரசிகர்களும் வேறு.

தேட வேண்டிய பட்டறைகள்

ஸ்ப்ராட்லிங்கிடம் தொழில் பழகியவர்கள் ஒவ்வொருவராகத் தனிக்கடை போட்டார்கள். அவரும் தடுக்கவில்லை, தூண்டிவிட்டார் என்றே சொல்ல வேண்டும். இன்று அவருக்குச் சமமாக மதிக்கப்படும் பெயர்களில் சில அப்படிக் கிளைத்தவை.

எக்தோர் அகிலார் ஸ்ப்ராட்லிங்கின் பட்டறையில் நிர்வாகம் பார்த்தவர். 1939இல் தாயேர் போர்தா என்ற பட்டறையைத் தொடங்கினார். அவருடைய நகைகள் கையில் எடுத்ததும் கனக்கும். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும் பட்டைக் காப்புகள், ஆழமாக வெட்டிய கோடுகள், தேவையில்லாத அலங்காரம் எதுவுமில்லாத முகம் இவரது அடையாளம். போர்க்காலத்தில் கோரோ என்ற அமெரிக்க நகை நிறுவனத்துக்கும் செய்துகொடுத்தார். அதனால் 'கோரோ மெக்சிகோ' என்று அடித்த நகையைப் பார்த்து, கவரிங் நகைக் கம்பெனியின் பெயர்தானே என்று கீழே வைத்துவிடக் கூடாது.

1939இல் கடை திறந்த காஸ்டியோ சகோதரர்களின் பட்டறை லோஸ் காஸ்டியோ. மூத்தவர் அந்தோனியோ. வெள்ளி, செம்பு, பித்தளை ஆகியவற்றை வடிவமாக அறுத்து, ஒன்றின் ஓரத்தில் மற்றொன்று உட்காரும்படி சேர்த்துப் பற்ற வைத்து, ஒரே தகடாக்கும் வேலை இவர்களுக்கே உரியது. 'கலந்த உலோகம்' என்று விற்பவர்கள் சொல்வது இதைத்தான். நல்ல வேலைப்பாட்டில் இரண்டு உலோகமும் சந்திக்கும் கோட்டில் நகத்தை ஓட்டினால் தட்டுப்படாது. மேலே வெறுமனே ஒட்டிய செம்பென்றால் நகம் ஏறி இறங்கும்.

அந்தோனியோவின் மனைவியாக இருந்து, பிரிந்தபின் 1948இல் தன் பெயரில் கடை வைத்தவர் மார்கோ தெ தாஸ்கோ. சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். வெள்ளியில் பள்ளம் எடுத்து அதில் வண்ணக் கண்ணாடிப் பொடியைச் சூளையில் உருக்கி நிரப்பும் எனாமல் வேலையை அவர் அளவுக்கு அங்கே செய்தவர் இல்லை. ஜப்பானிய அலைகள், பாம்புகள், எகிப்திய முகங்கள் என்று அவர் மனம் உலகமெல்லாம் சுற்றியது. பெரும்பாலான நகைகளில் நான்கு இலக்க வடிவ எண் அடித்திருக்கும். 5100 என்ற எண்ணிலிருந்து அந்த வரிசை தொடங்குகிறது. அந்த எண்ணை வைத்தே சேகரிப்பாளர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள்.

அந்தோனியோ பினேடா 1919இல் பிறந்து 2009இல் மறைந்தவர். சிறுவயதில் ஜப்பானிய ஓவியர் தமிஜி கிதகவா தாஸ்கோவில் நடத்திய திறந்தவெளி ஓவியப் பள்ளியில் படித்தார். 1941இல் சொந்தப் பட்டறை. கலிபோர்னியாவின் ஃபவுலர் அருங்காட்சியகம் 2008இல் அவருக்கென்றே பெரிய கண்காட்சி நடத்தியது. நிலாக்கல், டோபாஸ், அமெதிஸ்ட் கற்களை அவர் வெள்ளிக்குள் பொருத்திய விதத்தைப் பார்த்தால், எது கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு நிமிடம் தேட வேண்டியிருக்கும்.

இவர்களைத் தவிர வளைந்து நெளியும் நவீன வடிவங்களுக்கு சல்வதோர் தெரான், சிகி பினேடா, என்ரிகே லெதெஸ்மா. பவளமும் டர்காய்ஸும் பதித்த பறவைகளுக்கும் சிலுவைகளுக்கும் மெக்சிகோ சிட்டியைச் சேர்ந்த மாத்ல் என்ற மதில்தே பூலாத். பெயரே தெரியாத நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளும் உண்டு. அவற்றின் நல்ல வேலை இன்றும் நியாயமான விலையில் கிடைக்கிறது.

முதுகு

அனுபவமுள்ளவர் நகையை எடுத்ததும் புரட்டிவிடுவார். முகப்பை வடிவமைப்பாளர் உலகுக்குக் காட்டச் செய்கிறார். முதுகில் கொல்லனின் வேலை அப்படியே கிடக்கும்.

கையால் செய்த தாஸ்கோ நகை பெரும்பாலும் தகட்டிலிருந்தும் கம்பியிலிருந்தும் பிறந்தது. தகட்டை வில்ரம்பத்தால் அறுத்து, சுத்தியால் தட்டிக் குமிழாக்கி, மேலே இன்னொரு துண்டை வைத்துப் பற்ற வைத்திருப்பார்கள். பத்து மடங்கு உருப்பெருக்கும் சின்ன லென்ஸ் ஒன்று போதும். அறுத்த ஓரத்தில் அரம் போட்ட மெல்லிய கோடுகள் தெரியும். மேல் துண்டும் அடித்தகடும் சேரும் இடத்தில் பற்றுக்கோடு தெரியும். ஒரே வரிசையில் இருக்கும் ஐந்து இதழ்களை அளந்தால் ஐந்தும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும்.

வார்த்து எடுத்ததில் இந்த அடையாளங்கள் இருக்காது. எல்லாம் ஒரே உடம்பாக, மூலைகள் மழுங்கி இருக்கும். முதுகுப் பள்ளத்தில் மணல் தூவியது போன்ற சொரசொரப்பு, ஊசிமுனை அளவு துளைகள் தெரியும். தாஸ்கோ பட்டறைகளில் வார்ப்பு வேலை இருந்ததே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அசலில் தகட்டு வேலை என்று தெரிந்த ஒரு வடிவம் வார்ப்பாகக் கைக்கு வந்தால் அதுவே எச்சரிக்கை மணி.

பினேடாவின் கழுத்தணி ஒன்றைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்ப்பது நல்ல பாடம். துண்டுகள் ஒன்றோடொன்று வளையத்தால் கோக்கப்படாமல், கதவுக் கீல் போலக் குழாயும் அதற்குள் ஓடும் ஆணியுமாக இணைந்திருக்கும். மேஜையில் வைத்தால் விறைப்பாகத் தெரியும் அணி, கழுத்தில் போட்டதும் எலும்புக்கேற்ப மடிந்து உட்காரும். கொக்கி எங்கே என்று தேடினால் அது கடைசித் துண்டின் வடிவத்துக்குள்ளேயே மறைந்திருக்கும். மூடும்போது 'டக்' என்று ஒரு சத்தம். ஐம்பது அறுபது வருடம் கழித்தும் ஆடாத கீல்தான் அந்தப் பட்டறையின் உண்மையான கையெழுத்து. நகல் எடுப்பவர் முகப்பை அப்படியே கொண்டுவருவார். இந்தக் கீலுக்கு மெனக்கெட மாட்டார்.

ப்ரூச் என்றால் ஊசியின் பூட்டு, கீல் இரண்டையும் பார்க்க வேண்டும். ஊசியை மாற்றியிருந்தால் அந்த இடத்து வெள்ளியின் நிறம் சுற்றியிருப்பதிலிருந்து வேறுபடும். காதணிகளில் 1940களின் துண்டுகள் பெரும்பாலும் காது குத்தாதவருக்காகத் திருகி இறுக்கும் வகை. பின்னாளில் யாராவது திருகை வெட்டிவிட்டுக் காதில் குத்தும் தண்டு வைத்திருந்தால் போட்டுக்கொள்ள வசதி. சேகரிப்பு மதிப்போ குறைந்துவிடும். மங்கலான சாம்பல் நிறத்தில் சொட்டுச் சொட்டாக ஈயப்பற்று தெரிந்தால் விலை பேசும் முன் நிறுத்த வேண்டும். ஈயம் ஏறிய வெள்ளியை மறுபடி சூடாக்கினால் அந்த இடமே அரித்துப் பள்ளமாகிவிடும். சரிசெய்ய நல்ல கை வேண்டும், கூலியும் அதிகம்.

முத்திரையைப் படிக்கும் வரிசை

முதுகைப் பார்த்து முடித்தபின் முத்திரை. அதிலும் முதல் கேள்வி யார் என்பதல்ல, எப்போது என்பது.

1948ஐ ஒட்டி மெக்சிகோ அரசு வெள்ளி நகைகளுக்குக் கழுகு முத்திரையைக் கொண்டுவந்தது. சிறகு விரித்த கழுகு, அதன் உடம்பில் ஓர் எண். கழுகு இல்லாமல் 'மெக்சிகோ சில்வர்', 'தாஸ்கோ 980', 'ஸ்டெர்லிங்' என்று மட்டும் இருந்தால் அதற்கு முந்தைய நகையாக இருக்க வாய்ப்பு உண்டு. 1970களின் இறுதியில் கழுகு போய், எழுத்தும் எண்ணும் சேர்ந்த பதிவு முறை வந்தது: முதல் எழுத்து ஊரைக் குறிக்கும், அடுத்தது செய்தவரின் பெயரெழுத்து, பிறகு வரிசை எண். முதல் எழுத்து 'டி' என்றால் தாஸ்கோ, 'எம்' என்றால் மெக்சிகோ சிட்டி.

ஆக, கழுகு இருந்தால் நகை ஏறக்குறைய 1948க்கும் 1979க்கும் இடைப்பட்டது. 'டி' எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருந்தால் அது நூற்றாண்டின் நடுப்பகுதி நகை அல்ல. விற்பவர் '1940களுடையது' என்று சத்தியம் செய்தாலும் அல்ல.

கழுகின் எண்ணை வைத்துப் பட்டறையைச் சொல்லிவிடலாம் என்பது பாதி உண்மை. 9 என்றால் அகிலார், 15 லோஸ் காஸ்டியோ, 16 மார்கோ, 17 பினேடா என்பது பொதுவாகச் சரி. ஆனால் 3 என்ற எண் தாஸ்கோவின் பல பட்டறைகளில் அடிக்கப்பட்டது. '3ஆம் எண் கழுகு, ஆகவே இன்னார் செய்தது' என்று விளம்பரத்தில் கண்டால் அந்த 'ஆகவே'க்குக் காசு கொடுக்கக் கூடாது.

வெள்ளியின் தரத்தைக் குறிக்கும் எண்ணும் துப்புத் தரும். 925 என்பது 92.5 சதவீதம் வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. அகிலார் 940 என்று அடித்தார், பினேடாவின் நகைகளில் 970 காணப்படும். அகிலாரின் இணைந்த 'எச்.ஏ.' எழுத்துகளுக்குப் பக்கத்தில் 940 இருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி. 'அல்பாகா' என்று அடித்திருந்தால் அதில் வெள்ளியே கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. பார்வைக்கு வெள்ளிபோல இருக்கும், காந்தமும் ஒட்டாது. காந்தம் ஒட்டினால் வெள்ளி இல்லை என்று சொல்லலாம். ஒட்டாததால் வெள்ளி என்று சொல்ல முடியாது.

ஸ்ப்ராட்லிங்கின் முத்திரைகள் காலத்துக்குக் காலம் மாறின. தொடக்க காலத்தில் 'டபிள்யூ'வும் 'எஸ்'ஸும் ஒட்டிய எழுத்து; அதைச் சுற்றி 'ஸ்ப்ராட்லிங் மேட் இன் மெக்சிகோ' என்று வட்டமாக எழுதியது 1940களில். பண்ணைப் பட்டறைக் காலத்தில் அந்த இரண்டு எழுத்தும் கூட்டெழுத்தாக வளைந்துவிடும். வடிவம் ஒரு காலத்தையும் முத்திரை இன்னொரு காலத்தையும் காட்டினால் நகையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பென்னி மொரில் ஸ்ப்ராட்லிங்கைப் பற்றியும் தாஸ்கோ பட்டறைகளைப் பற்றியும் எழுதிய நூல்கள், மெக்சிகோ முத்திரைகளைத் தொகுத்த ஹூகார்ட்டின் கையேடு இரண்டும் பக்கத்தில் இருந்தால் இந்த ஒப்பீடு எளிது. முதல் நகைக்கு முன்னால் அந்தக் கையேட்டை வாங்குவது நல்லது.

நகல், மறுசெய்கை, வாரிசுச் செய்கை

போலி என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட முடியாது.

ஸ்ப்ராட்லிங் இறந்தபின் அவருடைய வடிவங்களும் அச்சுகளும் உல்ரிச் குடும்பத்தின் கைக்குப் போயின. அவர்கள் முறையாக அதே வடிவங்களைச் செய்துவந்தார்கள். அந்த நகைகள் போலி அல்ல. ஸ்ப்ராட்லிங்கின் வாழ்நாள் நகையும் அல்ல. சரியான பெயரும் சரியான விலையும் சொல்லி விற்றால் தாராளமாக வாங்கலாம். மார்கோவிடம் வேலை பார்த்தவர்களும் அவர் காலத்துக்குப் பின் அதே பாணியைத் தொடர்ந்தார்கள். மாத்ல் பாணிப் புறாக்கள் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. தாஸ்கோவில் சனிக்கிழமைதோறும் கூடும் வெள்ளிச் சந்தையில் பழைய வடிவங்களின் சாயலில் புது நகை குவிந்து கிடக்கும். அங்கே வாங்குபவர் புதியது என்று தெரிந்தே வாங்குகிறார். அதே நகை நான்கு கை மாறி, கொஞ்சம் கறுத்து, 'பாட்டியின் பெட்டியிலிருந்து' என்ற கதையோடு திரும்பி வரும்போதுதான் தொல்லை.

வேண்டுமென்றே ஏமாற்றச் செய்வதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சாதாரண நகையின் முதுகில் பெரிய பெயரை அடிப்பது. இதில் முத்திரையின் பள்ளம் புதுசாகப் பளபளக்கும். சுற்றியுள்ள கீறல்களின் மேலே முத்திரை ஏறி நிற்கும். பழைய முத்திரை என்றால் கீறல்கள்தான் முத்திரையின் மேலே ஓடியிருக்கும். இரண்டாவது வழி, அசலை அச்செடுத்து வார்ப்பது. இதில் முத்திரையும் சேர்ந்தே அச்சில் வந்துவிடும். உளியால் அடித்த முத்திரைக்குக் கூரிய ஓரமும் சமமான அடித்தளமும் இருக்கும். வார்ப்பில் வந்த முத்திரை ஆழம் குறைந்து, ஓரம் கரைந்து, உள்ளே மணல் மணலாக இருக்கும். தவிர, வார்ப்பு ஆறும்போது சுருங்குவதால் நகல் அசலைவிடச் சற்றுச் சிறுத்திருக்கும். நூலில் அளவு கொடுத்திருந்தால் வெர்னியர் வைத்து அளந்தாலே விஷயம் வெளிப்படும்.

கல், எனாமல், ஓடு

மெக்சிகோ 'ஜேட்' என்று விற்கப்படும் பச்சைக் கற்களில் பல சாயம் ஏற்றிய கால்சைட். ஊசிமுனையால் எளிதில் கீறல் விழும். உண்மையான ஜேட் அப்படிக் கீறாது. கடைக்காரரின் நகையில் கீறிப் பார்க்க முடியாது. ஆனால் வருடக்கணக்காகப் போட்ட நகையில் கல்லின் முகம் மங்கிக் கோடு விழுந்திருப்பதே போதுமான தடயம்.

அமெதிஸ்ட் நீண்ட நாள் வெயில் பட்டால் வெளுக்கும். டர்காய்ஸ் எண்ணெயையும் சோப்பையும் குடித்து நிறம் மாறும். மாலகைட் அமிலம் பட்டால் கெடும். ஒரே நகையில் ஒரு கல் மட்டும் நிறம் வேறாக இருந்தால் பின்னால் மாற்றியது. கல்லை இறுக்கும் வெள்ளி விளிம்பு அந்த இடத்தில் மட்டும் நெளிந்திருக்கிறதா என்று பார்த்தால் உறுதியாகிவிடும்.

எனாமலில் விரிசல் இருந்தால் வாங்குபவர் அதை மன்னிக்கக் கூடாது. அதை ஒழுங்காகச் சரிசெய்ய நகையை மறுபடி சூளைக்குள் வைக்க வேண்டும். பற்று இளகும், கல் வெடிக்கும் அபாயம் உண்டு. அதனால் பெரும்பாலோர் வண்ணப் பிசினைப் பூசி மறைத்துவிடுவார்கள். சாய்வான வெளிச்சத்தில் பிசின் பூசிய இடம் கண்ணாடிப் பளபளப்பு இல்லாமல் தனியாகத் தெரியும். புற ஊதா விளக்கில் பல சமயம் அது மட்டும் வேறு விதமாக ஒளிரும்.

ஆமையோடு விஷயத்தில் சட்டம் குறுக்கே வரும். அலுங்காமையின் ஓடு 'சைட்ஸ்' என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஸ்ப்ராட்லிங்கின் ஆமையோட்டு நகை எவ்வளவு அழகாக இருந்தாலும் உரிய அனுமதி இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் சுங்கத்தில் சிக்கல். தந்தத்துக்கும் இதே கதிதான். வெளிநாட்டில் வாங்கித் தபாலில் வரவழைப்பவர் வெள்ளியும் கல்லும் மட்டும் உள்ள நகையோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

விலையும் தொலைவிலிருந்து வாங்குவதும்

தாஸ்கோ நகைகளில் பெரும்பங்கு அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகளோடும் அமெரிக்கக் கடைகளின் வழியாகவும் வடக்கே போயிற்று. அதனால் நல்ல பழைய துண்டுகள் மெக்சிகோவைவிட அமெரிக்க ஏலங்களிலும் பழம்பொருள் கடைகளிலும் அதிகம் கிடைக்கும். இந்தியாவிலோ சிங்கப்பூரிலோ இருந்து வாங்குபவர் படத்தைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டியிருக்கும். அப்போது கேட்க வேண்டியவை இவை:

– முதுகின் முழுப் படம், சாய்வான வெளிச்சத்தில்.
– ஒவ்வொரு முத்திரையும் தனித்தனியாக, பெரிதாக.
– கொக்கி திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும், கீல் பக்கவாட்டில்.
– அளவுகோல் வைத்து எடுத்த படம், கிராமில் எடை.
– பழுது பார்த்தது உண்டா, கல்லோ ஊசியோ மாற்றியது உண்டா என்பதற்கு எழுத்தில் பதில்.
– சொன்னதற்கு மாறாக இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பதற்கும் எழுத்தில் பதில்.

இந்த ஆறில் முதுகுப் படத்தை அனுப்பத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

விலையை எடை போட்டுத் தொடங்கலாம். எடைக்கான வெள்ளி விலைதான் தரைமட்டம்; அதற்குக் கீழே நல்ல நகை கிடைப்பது அபூர்வம். அதற்குமேல் ஏற்றுபவை வரிசையாக: பட்டறையின் பெயர், வடிவம் எவ்வளவு பேர்போனது, எந்தக் காலம், நிலைமை, ஜோடியாக இருக்கிறதா. கழுத்தணி, காப்பு, காதணி மூன்றும் ஒரே தொகுப்பாக வந்தால் தனித்தனியாக வாங்குவதைவிடக் கூடும். கேட்கும் விலைகளைக் குறித்துப் பயனில்லை. ஏலத்தில் உண்மையில் விற்றுமுடிந்த விலையைத்தான் குறித்துவைக்க வேண்டும். அதே வடிவத்தின் நான்கைந்து முடிவு விலைகள் கைவசம் இருந்தால் பேரம் பேசத் தைரியம் வந்துவிடும்.

தெருமுனைக் கடையில் உரைகல்லில் உரசி அமிலம் வைத்துப் பார்ப்பது நம்மூர் வழக்கம். உருக்கப்போகும் வெள்ளிக்கு அது சரி. சேகரிப்பு நகையின் முகத்தில் அமிலக் கறை விழுந்தால் அது பழுதுக் கணக்கில்தான் சேரும். எக்ஸ்ரே கருவியில் வைத்துச் சோதிக்கும் மையங்கள் ஊர் ஊராக வந்துவிட்டன; கீறாமல் தரத்தைச் சொல்லிவிடுவார்கள். 925க்குப் பதிலாக 940ஐ ஒட்டி வந்தால் அகிலார் என்ற சந்தேகத்துக்கு இன்னொரு சாட்சி கிடைத்த மாதிரி.

வீட்டில் வைப்பது

விபூதியோ பல்பொடியோ போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைக்கும் பழக்கத்தை இந்த நகைகளிடம் காட்டக் கூடாது. பள்ளங்களில் தெரியும் கறுப்பு, பட்டறையிலேயே கந்தகக் கலவையால் வேண்டுமென்று ஏற்றியது. கோடுகள் எடுப்பாகத் தெரிய அதுதான் காரணம். முக்கி எடுத்தால் வெளுக்கும் திரவங்கள் அதைக் கரைத்துவிடும். அதோடு வடிவமும் தட்டையாகிவிடும், விலையும் இறங்கிவிடும். மென்மையான பருத்தித் துணியால் மேடுகளை மட்டும் துடைத்தால் போதும். ரோஸ்வுட் பதித்த நகையை நீரில் நனைக்காமல், உலர்ந்த துணியாலேயே துடைக்க வேண்டும்.

வெள்ளி கறுப்பதற்குக் காற்றிலுள்ள கந்தகம் காரணம். ரப்பர் பேண்டும் கம்பளித் துணியும் அதை விரைவாக்கும். நகையை ரப்பர் பேண்டால் கட்டிவைத்தால் சில மாதங்களில் அதே வடிவில் கறுப்புக் கோடு விழுந்திருக்கும். கறுக்காமல் காக்கும் துணிப்பை, காற்றுப் புகாத ஜிப் உறை, அதற்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம்: கடலோர ஊர்களில் இந்த மூன்றும் அவசியம். கீல் உள்ள கழுத்தணியை மடித்து அடுக்காமல், போட்டுக்கொள்ளும் வடிவிலேயே படுக்க வைக்க வேண்டும்.

நோட்டுப் புத்தகம் ஒன்றும் வேண்டும். வாங்கிய தேதி, விலை, விற்றவர் சொன்ன வரலாறு, எடை, நீள அகலம், முத்திரையின் படம், பழுதுகள் என ஒவ்வொரு நகைக்கும் ஒரு பக்கம். முதல் பக்கத்தில் எழுதுவதற்கு ஸ்ப்ராட்லிங் தேவையில்லை. 1950களின் பெயரில்லாத பட்டறை ஒன்றின் ப்ரூச், தெளிவான 3ஆம் எண் கழுகோடு, ஊசியும் பூட்டும் மாற்றப்படாமல், நியாயமான விலையில் கிடைத்தால் அதுவே போதும். அறுத்த ஓரம், பற்றுக்கோடு, அடித்த முத்திரையின் அடித்தளம் மூன்றையும் லென்ஸ் வைத்து அதில் பார்த்துப் பழகி, அடுத்து வரும் ஒவ்வொரு நகையையும் அதற்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்து ஒப்பிடலாம்.